நம் ஊர் இறாலுக்கு ஒரு கண்ணாடித் தொட்டி

வீட்டில் கண்ணாடித் தொட்டி வைப்பது ஒரு காலத்தில் பணக்காரர்களின் பொழுதுபோக்கு. டாக்டர் வீட்டு முன்கூடத்திலும் பெரிய ஹோட்டல் வாசலிலும்தான் அதைப் பார்க்கலாம். இன்று நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகளும் தொட்டி கேட்கிறார்கள். அதிலும் இப்போது தங்கமீன் பழைய சங்கதி ஆகிவிட்டது. விரல் நகத்தளவு சிவப்பு இறால், நீல இறால், மஞ்சள் இறால் என்று பட்டியல் போடுகிறார்கள். பிள்ளை கேட்டால் தகப்பனார் மறுப்பாரா? மாலையில் கடைக்குப் போகிறார்கள். தொட்டி, மண், பிளாஸ்டிக் செடி, இறால் எல்லாம் ஒரே மூச்சில் வாங்கி வருகிறார்கள். இரவு எட்டு மணிக்கு வீடு திருவிழாவாக இருக்கிறது. நாலாம் நாள் காலையில் இறால்கள் மல்லாந்து கிடக்கின்றன. வீடு இழவு வீடாகிறது.

தொட்டி வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. கட்டாயம் வேண்டும் என்பதே என் கட்சி. ஆனால் அதில் இரண்டு விஷயங்களை மாற்றிக்கொள்ள வேண்டும். முதலாவது, இறாலை வாங்குவதற்கு முன் தண்ணீரைத் தயார் செய்ய வேண்டும். இரண்டாவது, கடல் கடந்து வந்த வண்ண இறாலைத் தேடி ஓடாமல், நம் ஊர்க் குளத்து இறாலை வளர்க்க வேண்டும். முதலாவதை எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். இரண்டாவதைக் கேட்டால் சிலர் சிரிப்பார்கள். குளத்து இறாலை யாராவது கண்ணாடிக்குள் வைத்துப் பார்ப்பார்களா என்பார்கள். அவர்களுக்குத்தான் இந்தக் கட்டுரை.

நத்தை சொன்ன பாடம்

கண்ணாடித் தொட்டியின் சாஸ்திரத்தை முதன்முதலில் முறையாக விளக்கியவர்களில் ஒருவர் ராபர்ட் வாரிங்டன் என்ற லண்டன் ரசாயன நிபுணர். 1849, 1850 ஆண்டுகளில் அவர் 12 காலன் கொள்ளும் ஒரு பாத்திரத்தில் இரண்டு தங்கமீன்களையும் ஒரு நீர்த்தாவரத்தையும் வைத்தார். மீன் விடும் மூச்சுச் செடிக்கு உணவாகும். செடி வெளியிடும் பிராணவாயு மீனுக்கு மூச்சாகும் என்பது கணக்கு. கணக்குச் சரிதான். ஆனால் செடியின் பழுத்த இலைகள் அழுகித் தண்ணீர் கலங்கியது. அப்போது குளத்து நத்தைகள் சிலவற்றை உள்ளே விட்டார். நத்தைகள் அழுகலைத் தின்றன. தண்ணீர் தெளிந்தது. மீன், செடி, நத்தை என்ற மூன்று கால் இருந்தால்தான் முக்காலி நிற்கும் என்று தெரிந்தது.

நம் நாடும் இந்த விஷயத்தில் பின்தங்கி இருக்கவில்லை. 1909-லேயே சென்னைக் கடற்கரையில் அரசாங்கம் ஒரு மீன் காட்சிச்சாலையைத் திறந்தது. கூட்டம் கூட்டமாக ஜனங்கள் போய்ப் பார்த்தார்கள். இரண்டாவது உலக யுத்தத்தின்போது அது மூடப்பட்டது. ஆக, கண்ணாடிக்குப் பின்னால் தண்ணீரைப் பார்க்கும் ஆசை தமிழனுக்குப் புதிதல்ல.

வாரிங்டனுக்குத் தெரியாத நாலாவது கால் ஒன்றும் உண்டு. அது கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்க் கூட்டம். இறாலின் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் அம்மோனியா என்ற விஷம் தண்ணீரில் சேர்கிறது. ஒரு வகை நுண்ணுயிர் அதை நைட்ரைட் ஆக்குகிறது. அதுவும் விஷம்தான். இன்னொரு வகை அதை நைட்ரேட் ஆக்குகிறது. இது அவ்வளவு கெடுதல் இல்லை. செடிகள் இதை உரமாக எடுத்துக்கொள்ளும். இந்த இரு வகை நுண்ணுயிர்களும் மணலிலும் கல்லிலும் குடியேறிப் பெருகச் சாதாரணமாக நாலு முதல் ஆறு வாரம் ஆகும். கடைக்காரரிடம் பணம் கொடுத்து இந்த ஆறு வாரத்தை வாங்க முடியாது. நாலாம் நாள் இறால் செத்ததன் ரகசியம் இதுதான். அது நோயால் சாகவில்லை. நம் அவசரத்தால் செத்தது.

தொட்டி அமைக்கும் விதம்

பெரிய செலவு ஒன்றும் இல்லை. 45 சென்டிமீட்டர் நீளம், 25 சென்டிமீட்டர் அகலம், 25 சென்டிமீட்டர் உயரமுள்ள தொட்டி போதும். அதில் சுமார் 28 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ எடை அல்லவா? மணலும் கண்ணாடியும் சேர்ந்தால் கனம் இன்னும் ஏறும். ஆடுகிற ஸ்டூல்மேல் வைத்துவிட்டு அப்புறம் வருந்தக்கூடாது. உறுதியான மேஜை, அதன்மேல் ஒரு தெர்மாகோல் தகடு, அதன்மேல் தொட்டி. நேர் வெயில் படாத இடம் வேண்டும். ஜன்னல் வெயில் பட்டால் தண்ணீர் பச்சையாகிவிடும்; சூடும் ஏறும்.

படுக்கையறையில் வைக்க நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. கொசுவை விரட்ட நாம் கொளுத்தும் சுருளிலும், மின்சாரத்தில் மாட்டும் திரவத்திலும், பீய்ச்சும் மருந்திலும் பெரும்பாலும் இருப்பது பூச்சியைக் கொல்லும் பைரித்ராய்டு வகை மருந்து. இறாலும் பூச்சியும் கணுக்காலி என்ற ஒரே பெரிய குலத்தைச் சேர்ந்தவை. கொசுவைக் கொல்வது இறாலையும் கொல்லும். மீனுக்குச் சொல்லும் விதிகளை இறாலுக்கு அப்படியே சொல்ல முடியாததற்கு இதுவும் ஒரு காரணம்.

மணல் இரண்டு அங்குலக் கனம் போதும். கலங்கல் போகும்வரை அலச வேண்டும். மணலில் சுண்ணாம்பு இருக்கிறதா என்று பார்க்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. அதன்மேல் எலுமிச்சைச் சாறு இரண்டு சொட்டு விட்டுப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது என்று அர்த்தம். அளவுக்கு மீறிய சுண்ணாம்பு தண்ணீரைக் கடினமாக்கிவிடும்.

ஒளிந்துகொள்ள இடம் இல்லாவிட்டால் இறால் பயந்தே பாதி நாளைக் கழிக்கும். உடைந்த மண்சட்டி ஓடு, பழைய கூரை ஓட்டுத் துண்டு, நன்றாகக் காய்ந்த கட்டை எதுவானாலும் சரி. விருத்தாசலம் பீங்கானுக்குப் பெயர் போன ஊர். வழவழப்பான பீங்கான் துண்டு கிடைக்கிறதே என்று போட்டுவிடாதீர்கள். மேற்பூச்சில் என்ன உலோகம் கலந்திருக்கிறதோ, யார் கண்டார்? பூச்சில்லாத சுட்ட மண்ணே உத்தமம். செடிக்குக் குளத்து வேலம்பாசி போதும். அத்துடன் காய்ந்து உதிர்ந்த நாட்டு வாதுமை இலை ஒன்று. அது மெல்ல மக்கும். அதன்மேல் படரும் மெல்லிய உயிர்ப்படலத்தை இறால் மணிக்கணக்கில் மேய்ந்துகொண்டிருக்கும். பார்க்க வேடிக்கையாக இருக்கும். தீனிச் செலவும் மிச்சம்.

தண்ணீர்க் குழாயில் குளோரின் மருந்து கலந்து வருமானால், வாயகன்ற வாளியில் ஒரு நாள் திறந்து வைத்தால் பெரும்பகுதி போய்விடும். ஆழ்குழாய்த் தண்ணீரிலும் கவனம் தேவை. பூமிக்கடியிலிருந்து வரும்போது அதில் பிராணவாயு குறைவாக இருக்கும். சில இடங்களில் இரும்பும் கலந்திருக்கும். பிடித்தபோது தெளிவாக இருந்து, சற்று நேரத்தில் செம்மண் நிறம் கொள்வது இரும்பின் அடையாளம். அந்தத் தண்ணீரை வைத்திருந்து தெளிய விட்டு, மேலாக எடுத்துப் பயன்படுத்த வேண்டும்.

நம் வீடுகளில் செம்புக் குடத்துத் தண்ணீரை விசேஷமாகச் சொல்வார்கள். இறாலுக்கு அது எமன். இதில் ஒரு வேடிக்கை உண்டு. நம் இரத்தத்தில் பிராணவாயுவைச் சுமப்பது இரும்பு கலந்த பொருள். அதனால் இரத்தம் சிவப்பு. இறாலின் இரத்தத்தில் அந்த வேலையைச் செய்வது தாமிரம் கலந்த பொருள்; அது இளநீலம். உடம்புக்குள் தாமிரம் இல்லாமல் இறாலுக்கு வாழ்வில்லை. தண்ணீரில் தாமிரம் சற்று மிகுந்தாலும் வாழ்வில்லை. ஆகவே செம்பு, பித்தளைப் பாத்திரங்களைத் தொட்டிப் பக்கம் கொண்டுவரக்கூடாது. மீன்களுக்கு விற்கும் மருந்துகளில் சிலவற்றில் தாமிரம் உண்டு, அவற்றையும் ஊற்றக்கூடாது.

காற்றுப் பம்பில் இணைத்த பஞ்சு வடிகட்டி ஒன்று வேண்டும். வேகமாக உறிஞ்சும் வேறு வடிகட்டிகள் குஞ்சுகளையும் சேர்த்து விழுங்கிவிடும். இவையெல்லாம் ஆனபின் இறால் இல்லாமலே தொட்டியை ஓடவிட வேண்டும். தினம் ஒரு சிட்டிகை தீனி மட்டும் போட்டுவர வேண்டும். நுண்ணுயிருக்கு அதுதான் முதல். சொட்டு மருந்து விட்டு நிறம் பார்க்கும் சோதனைப் பெட்டி கடைகளில் கிடைக்கிறது. அம்மோனியாவும் நைட்ரைட்டும் இல்லை என்று அது காட்டும் நாளில்தான் இறாலுக்கு அழைப்பு அனுப்பலாம். வந்த விருந்தாளியைத் தடாலென்று உள்ளே கொட்டாமல், அது இருக்கும் பாத்திரத்தில் தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக ஒரு மணி நேரமாவது விட்டுப் பழக்க வேண்டும்.

எந்த இறால்?

இப்போது நம் வழக்குக்கு வருவோம். கடையில் விற்கும் சிவப்பு இறாலின் பூர்வீகம் சீனா, தைவான் முதலான கிழக்கு நாடுகள். இயற்கையில் அது மங்கலான பழுப்பு நிறம்தான். சற்றுச் சிவந்தவற்றைப் பொறுக்கிப் பொறுக்கி இனப்பெருக்கம் செய்து, மனிதன் அதைக் குங்குமச் சிவப்பாக்கிவிட்டான். அழகுதான், மறுக்கவில்லை. சுலபமாகக் குஞ்சு பொரிக்கும் என்பதும் உண்மை. சுமார் 22 முதல் 26 டிகிரி சூட்டில் சந்தோஷமாக இருக்கும்.

ஆனால் நம் சீமையில் அந்தச் சூடு எத்தனை மாதம்? கத்திரி வெயிலில் நெய்வேலி வட்டாரத்தில் 40 டிகிரியைத் தொடுவது சர்வசாதாரணம். தண்ணீர் சூடாக ஆக அதில் கரைந்து நிற்கும் பிராணவாயு குறைகிறது. 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் நிற்கும். 30 டிகிரியில் சுமார் ஏழரைதான் நிற்கும். குளிர்தேசத்துப் பிராணியை வாங்கிவந்து, அதற்கு மின்விசிறி போட்டு, ஐஸ் போட்டு, விடிய விடியக் காவல் காப்பானேன்?

நம் குளங்களில், கரையோரப் பாசிக்குள், கண்ணாடிபோல் உடம்புள்ள சிறு இறால்களைப் பார்த்திருப்பீர்கள். கூடை போட்டு அள்ளிக் குழம்பு வைப்பவர்களுக்கு அவை வெறும் கூனிப் பொடி. விஞ்ஞானிகள் அவற்றில் பல இனங்களைப் பிரித்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். மேக்ரோபிரேக்கியம் லமாரி என்பது அவற்றில் ஒன்று. இந்தியக் குளம் குட்டைகளில் பரவலாக வாழ்வது. தன் வாழ்நாள் முழுவதையும் நன்னீரிலேயே முடித்துக்கொள்வது. கேரிடினா என்ற இன்னொரு வகுப்பில் இதைவிடச் சிறியவை உண்டு. இவை நம் வெயிலுக்குப் பிறந்தவை, நம் தண்ணீருக்குப் பழகியவை.

நன்னீர் இறால் என்றதும் சிலருக்குப் பெரிய நீலக்கால் இறால் நினைவுக்கு வரும். அது தொட்டிக்கு ஆகாது. ஓரடி நீளம் வளரும்; கிடுக்கியால் சண்டை போடும். மேலும் அதன் குஞ்சுகள் பிழைக்க உப்புக் கலந்த நீர் வேண்டும். தாய் இறால் ஆற்றோடு கழிமுகத்துக்கு இறங்கி வரும். குஞ்சுகள் அங்கே வளர்ந்து மறுபடி ஆற்றில் ஏறும். நம் வெள்ளாறு பரங்கிப்பேட்டையில் கடலோடு கலக்கிறதே, அத்தகைய இடங்கள்தாம் அதன் பிரசவ விடுதி. ஆற்றுக்குக் குறுக்கே ஓர் அணைக்கட்டு வந்தால் குஞ்சின் வழி அடைபடுகிறது. அணை கட்டும் எஞ்சினீயர் இதையும் நினைக்க வேண்டும் என்பது தனிக் கட்டுரைக்கு உரிய விஷயம்.

நம் குளத்து இறாலிடம் குறையே இல்லை என்று வக்கீல் வேலை பார்க்க நான் தயாரில்லை. அதற்குச் சிவப்பு இல்லை. மேக்ரோபிரேக்கியம் வகையில் பெரியவை சிறியவற்றைப் பிடித்துத் தின்னும். ஆகவே ஒரே அளவில் ஏழெட்டு மட்டும் வைக்க வேண்டும். குளத்திலிருந்து வரும்போது வேண்டாத விருந்தாளிகளும் வரும். தட்டான் பூச்சியின் இளம்புழு அவற்றில் மகா கில்லாடி. ஒளிந்திருந்து குஞ்சுகளை ஒவ்வொன்றாகத் தீர்த்துவிடும். ஆகவே பிடித்து வந்ததை ஒரு வாரம் தனிப் பாத்திரத்தில் வைத்துப் பார்த்து, பிறகு தொட்டியில் விட வேண்டும். பழைய கொசுவலைத் துண்டு ஒன்று போதும், பிடிப்பதற்கு. குளம் குத்தகைக்குப் போயிருந்தால் குத்தகைதாரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது மரியாதை.

ஆனால் நிறம் இல்லை என்பதை நான் குறையாக நினைக்கவில்லை. கண்ணாடி உடம்பு என்பதால் உள்ளே நடப்பதெல்லாம் தெரிகிறது. இதயம் துடிப்பது தெரிகிறது. தின்ற பாசி குடலில் பச்சைக் கோடாக இறங்குவது தெரிகிறது. தாய் இறால் வயிற்றுக்கடியில், நீந்தும் கால்களுக்கு நடுவே முட்டைகளைச் சுமந்துகொண்டு, அவற்றுக்கு விசிறி வீசுவதுபோல் ஓயாமல் கால்களை ஆட்டுவது தெரிகிறது. ஒரு நாள் காலையில் தொட்டியில் ஓர் இறால் செத்துக் கிடப்பதுபோல் தோன்றும். கூர்ந்து பார்த்தால் அது வெறும் சட்டை. சட்டைக்காரர் ஓட்டுக்கடியில் பத்திரமாக இருப்பார். வளர வளரப் பழைய ஓட்டைக் கழற்றிவிட்டுப் புது ஓடு போட்டுக்கொள்வது இறாலின் தர்மம். கழற்றியதை எடுத்தெறிய வேண்டாம்; அதிலுள்ள சுண்ணாம்புச் சத்துக்காக அதையே தின்றுவிடும். எந்தச் சிவப்பு இறால் இத்தனை பாடம் நடத்தும்?

ஜெர்மனியில் ஓர் இந்திய இறால்

வெளிநாட்டு இறால் வேண்டாம் என்பதற்கு வெயில் மட்டுமே காரணமல்ல. இதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. அதை நெய்வேலிக்காரர்களுக்கு விளங்கும்படி சொல்ல ஜெர்மனிக்குத்தான் போகவேண்டும்.

நெய்வேலியின் கதை தண்ணீரின் கதையும்கூட. 1957-ல் நேரு அவர்கள் தொடங்கிவைத்த சுரங்கத்தில் 1961-ல்தான் பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டது. நிலக்கரிக்குக் கீழே ஊற்றழுத்தத்தோடு தண்ணீர் நிற்கிறது. அதை இரவு பகலாக இறைத்தால்தான் சுரங்கம் சுரங்கமாக இருக்கும், இல்லாவிட்டால் ஏரியாகிவிடும். அந்தத் தண்ணீர் அனல்மின் நிலையத்துக்கும் போகிறது. கால்வாய் வழியாக வாலாஜா ஏரி, பெருமாள் ஏரிப் பக்கமும் போகிறது. மண்ணை அள்ளும் வாளிச்சக்கர ராட்சச இயந்திரங்கள் ஜெர்மனியிலிருந்து வந்தவை என்பது ஊரறிந்த விஷயம். அந்த ஜெர்மனியிலும் ரைன் நதிப் பிரதேசத்தில் பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்களும் அனல்மின் நிலையங்களும் உண்டு.

கொலோன் நகருக்கு அருகே நீடராவ்செம் என்ற இடத்தில் பழுப்பு நிலக்கரியால் இயங்கும் அனல்மின் நிலையம் இருக்கிறது. அதன் வெதுவெதுப்பான தண்ணீர் கில்பாக் என்ற ஓடையில் விழுந்துவந்தது. பனிக்காலத்திலும் அந்த ஓடை குளிரவில்லை. தொட்டி வளர்த்து அலுத்துப்போன யாரோ சிலர் அதில் கொண்டுபோய் மீன்களையும் இறால்களையும் கொட்டினார்கள். 2013-ல் வெளியான ஓர் ஆய்வு, அந்த ஓடையில் இரண்டு ஆசிய இறால் இனங்கள் குடும்பம் நடத்துவதைக் கண்டு சொன்னது. ஒன்று, நம் கடைகளில் விற்கும் அதே சிவப்பு இறாலின் இனம். மற்றொன்று மேக்ரோபிரேக்கியம் தயானம். அதன் பூர்வீகம் எது தெரியுமா? நம் பாரத தேசம்தான்! வட இந்திய ஆற்று இறால் ஜெர்மனியின் நிலக்கரி ஓடையில் குடியுரிமை பெற்றுவிட்டது.

கேட்க வேடிக்கையாக இருக்கிறது. ஆனால் யோசித்துப் பாருங்கள். ஜெர்மனிக்கு ஒரு காவல்காரன் உண்டு. அவன் பெயர் குளிர்காலம். வெதுவெதுப்பான ஓடையை விட்டு அந்த இறால்கள் வெளியே போனால் பனி அவற்றைக் கொன்றுவிடும். நம் நாட்டில் அந்தக் காவல்காரன் இல்லை. நம் ஏரிகளும் கால்வாய்களும் வருஷம் பன்னிரண்டு மாதமும் வெதுவெதுப்பானவை. இங்கே ஒன்று நுழைந்து பிடித்துவிட்டால் யார் தடுப்பது?

இந்த அனுபவம் நமக்குப் புதிதா? ஆப்பிரிக்கக் குலத்து ஜிலேபி மீனை 1952-ல் நல்லெண்ணத்தோடுதான் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். ஏழைகளுக்கு மலிவாகப் புரதம் கிடைக்கும் என்று. கிடைத்தது, மெய்தான். ஆனால் பல ஏரிகளில் அதுவே பெருகி, நம் கெண்டைக்கும் குரவைக்கும் இடமில்லாமல் செய்துவிட்டது. தொட்டிக் கண்ணாடியைச் சுத்தம் செய்யும் என்று விற்ற தென்னமெரிக்க மீன் ஒன்று, பெரிதானதும் ஏரிகளில் கொட்டப்பட்டு, இன்று மீனவர் வலையை முள்ளால் கிழிக்கிறது. 1990-களில் ஜெர்மனியின் தொட்டிக் கடைகளில் தோன்றிய பளிங்கு நண்டு-இறால் ஒன்று இருக்கிறது. அதில் ஆணே கிடையாது. பெண் தனியாகவே முட்டையிட்டுப் பெருகும். ஒன்றே ஒன்று போதும், ஒரு குளத்தை நிரப்ப! அது மடகாஸ்கர் தீவு வரை போய் வயல்களில் பரவிவிட்டது.

ஆகவே எந்த இறாலை வளர்த்தாலும் ஒரு விதியைச் சுவரில் எழுதி வையுங்கள். தொட்டியிலிருந்து எதுவும் குளத்துக்குப் போகக்கூடாது. இறால் மட்டுமல்ல, செடியும் நத்தையும் தண்ணீரும்கூட. தண்ணீரை மாற்றும்போது வாய்க்காலில் ஊற்றாமல் வாழைக்கோ செம்பருத்திக்கோ ஊற்றுங்கள். நல்ல உரம்.

குளத்தைத் தேடிப் போகும் பிள்ளை

இவ்வளவுக்குப் பிறகும் ஒருவர் கேட்கலாம்: "ஓர் இறால் தொட்டிக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா, ஐயா?" இறால் தொட்டி சிறியதுதான். ஆனால் அதன் நிழல் பெரியது.

கடையில் வாங்கும் பிள்ளைக்குக் கடை மட்டும்தான் தெரியும். குளத்தில் பிடிக்கப் போகும் பிள்ளைக்கு ஊர் தெரியும். கம்மாபுரம் என்ற பெயரைக் கேட்டால் தென்பாண்டிச் சீமைக்காரர்களுக்குக் கண்மாய் நினைவுதான் வரும். அவர்கள் பேச்சில் கண்மாய் 'கம்மா' அல்லவா? பெயருக்கு மூலம் எதுவானாலும் இருக்கட்டும். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அந்த வட்டாரத்துக் குளம் குட்டைகளை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். ஒரு குளத்தில் பாசியை அலசினால் இறால் துள்ளும். இன்னொரு குளத்தில் எத்தனை அலசினாலும் ஒன்றும் வராது. "அப்பா, இங்கே ஏன் இறால் இல்லை?" என்று பிள்ளை கேட்கும். அந்த ஒரு கேள்விக்காகத்தான் நான் இவ்வளவும் எழுதினேன்.

அதற்குப் பதில் சொல்லத் தகப்பனார் சற்று யோசிக்க வேண்டியிருக்கும். நெல்லுக்கும் கரும்புக்கும் முந்திரிக்கும் அடிக்கும் பூச்சிமருந்து மழையோடு கரைந்து பள்ளத்துக்குத்தான் வருகிறது. பூச்சிக்கு விஷமானது இறாலுக்கும் விஷம் என்று முன்பே பார்த்தோம். மருந்து அடித்த கையோடு தெளிப்பானைக் குளத்தில் கழுவினாலே போதும். கரையோரத்து இறால் அத்தனையும் தீர்ந்துவிடும். மீன் தாங்கும் அளவை இறால் பல சமயம் தாங்காது. ஆகவே குளத்துக்குக் கேடு வரும்போது முதலில் மறைபவர்களில் இறாலும் ஒன்று. ஊர்க்காவலன் விசில் ஊதுவதுபோல் அது நமக்குச் சொல்லிவிட்டுப் போகிறது. நாம்தான் கவனிப்பதில்லை. இதில் விவசாயியைக் குறை சொல்லிப் பயனில்லை. பயிரைக் காப்பாற்றாமல் அவன் என்ன செய்வான்? தெளிப்பானைக் குளத்தில் கழுவாதே, வரப்போரத்தில் குளத்துப் பக்கம் மட்டும் மருந்தை விட்டுவிடு என்று யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. அதைச் சொல்ல ஆள் வேண்டும். இறால் வளர்த்த பிள்ளை நாளைக்குச் சொல்வான். அவன் தகப்பனார் இன்றைக்கே சொல்லலாம்.

நெய்வேலி டவுன்ஷிப்பிலும் சுற்று வட்டாரத்திலும் பள்ளிக்கூடங்களுக்குக் குறைவில்லை. பள்ளிக்கு ஒரு தொட்டி வைத்தால் என்ன? விஞ்ஞான அறையில் தவளைப் படத்துக்குப் பக்கத்தில் ஒரு மேஜை. அதில் 28 லிட்டர் தொட்டி. அதில் நம் குளத்து இறால் ஏழெட்டு. ஒரு நோட்டுப் புத்தகத்தில் தினம் சூடு எத்தனை டிகிரி, எத்தனை விரற்கடை தண்ணீர் வற்றியது, யார் சட்டை உரித்தார்கள், யாருக்குப் பிரசவம் என்று பிள்ளைகள் எழுதி வரட்டும். கோடையில் வற்றிய தண்ணீருக்கு ஈடு செய்யக் குழாய்த் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்தால் உப்பு ஏறிக்கொண்டே போகும்; ஆவியாவது தண்ணீர்தான், உப்பு தங்கிவிடும். பிடித்து வைத்த மழைத் தண்ணீரை ஊற்ற வேண்டும் என்பதை அவர்களே கண்டுபிடிப்பார்கள். ஓர் ஏரி எப்படி உவர்க்கிறது என்ற பாடம் அங்கேயே முடிந்துவிடும்.

தீனி விஷயத்தில் மட்டும் பிள்ளைகளுக்கு ஒரு கட்டுப்பாடு போட வேண்டும். பாசத்தால் வாரி வாரிப் போடுவார்கள். தொட்டி இறால்கள் பட்டினியால் செத்ததைவிட விருந்தால் செத்ததே அதிகம். வெந்த கீரை இலை ஒன்று, வெள்ளரித் துண்டு ஒன்று. இரண்டு மணி நேரத்தில் மிச்சத்தை எடுத்துவிட வேண்டும். வாரம் ஒரு முறை பத்தில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றினால் போதும். அதற்கு மேல் கையை உள்ளே விட்டுக் கிளறாமல் இருப்பதே பெரிய சேவை.

வண்ண இறாலை வாங்கியே தீருவேன் என்பவரை நான் தடுக்கவில்லை. சட்டம் போட்டுத் தடுக்கச் சொல்லவும் இல்லை. அந்த வியாபாரத்தை நம்பிப் பிழைக்கும் குடும்பங்களும் இருக்கின்றன. சென்னைக் கொளத்தூரில் அலங்கார மீன் தொழிலே பெரிய குடிசைத் தொழிலாக வளர்ந்திருக்கிறது. அவர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்வேன். நம் குளத்து இறால்களையும் சுத்தம் செய்து, தொட்டியிலேயே குஞ்சு பொரிக்க வைத்து, பெயரெழுதி விற்றுப் பாருங்கள். ஜெர்மன்காரன் இந்திய இறாலை விரும்பி வளர்த்தபோது, கம்மாபுரத்துக்காரர் வளர்க்க மாட்டாரா?

தண்ணீர் நமக்குக் குழாயைத் திருகினால் வருவது. சுரங்கத்தில் இறைத்துத் தள்ளுவது. மழையில் வந்து போவது. அதற்குள் ஓர் உலகம் மூச்சு விடுகிறது என்ற எண்ணம் நமக்கு வருவதில்லை. 28 லிட்டர் தண்ணீரை ஒரு வருஷம் கெடாமல் காப்பாற்றிய பிள்ளைக்கு, ஒரு குளத்தைக் கெடுப்பது எவ்வளவு சுலபம், மீட்பது எவ்வளவு கஷ்டம் என்று வேறு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அடுத்த முறை பிள்ளை தொட்டி கேட்டால், கடைக்குப் போகும் முன் ஒரு வாளியும் கொசுவலைத் துண்டும் எடுத்துக்கொண்டு குளத்துப் பக்கம் போங்கள். ஆனால் ஒன்று: தண்ணீர் தயாராவதற்கு ஆறு வாரம் முன்பாகவே தொட்டியை நிரப்பி வைத்துவிடுங்கள்!